டியூப் லைட்டு கட்டின வீடு

“யாரு சொன்னது உனக்கு, நான் செத்துட்டேன்னு? பஸ் ஸ்டாண்டு பூக்காரியா? அவளுக்கு வேற வேல இல்ல. நான் சாவல தங்கச்சி. செத்தது என் புள்ள. அய்யோ, இன்னாத்துக்கு மாரப் புடிச்சிக்கினு நிக்கிற? அவனும் சாவல. தோ, வண்டியத் தொடச்சிக்கினு இருக்கான் பாரு. வா, உக்காரு. ஊரு உலகம் சொல்றத வுடு, நான் சொல்றதக் கேளு.”

எங்கே ஆரம்பிக்கிறது? லைட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ மகள் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். அதற்குள் இங்கே இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. பேரன் உன் ஜாடையாமே? மூக்கு மட்டும் உன் மூக்காக இருக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

வீடு எழும்பி, பூச்சு வேலையும் முடிந்துவிட்டது. ஆவணியில் பால் காய்ச்சுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். நாள் பார்க்கிறவர் என்னவென்றால், ஆவணியில் உன் மகனுக்கு நேரம் சரியில்லை, வைகாசிக்குள் முடித்துவிடு என்று சொல்லிவிட்டார். கதவு, பெயின்ட், லைட்டு எல்லாம் அதற்குள் ஆக வேண்டும். ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். மகன் கொத்தனார், மருமகள் அவனோடு சித்தாள் வேலைக்குப் போகிறவள், இரண்டு பேரும் நின்றால் வேலை ஓடும். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். விளக்கை யார் எடுப்பது?

புது வீட்டுக்குள் விளக்கை ஏந்திக்கொண்டு முதலில் போக வேண்டியவள், வீட்டுக்காரனோடு கூடப் பிறந்தவள். நம் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் புருஷனைப் பறிகொடுத்தவள், என் கை அதில் படக் கூடாது. எனக்கு இருப்பது ஒரே பெண். தியாகதுருகம் பக்கம் கொடுத்திருக்கிறேன். அவளும் அவள் அண்ணனும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தச் சண்டையும் ஒரு விளக்கால் வந்ததுதான். அவள் பெண் பெரியவளாகி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இவன் தாய்மாமன் சீர் கொண்டுபோனான். புடவை, வளையல், பழத்தட்டு, நடுவில் ஒரு ஜோடி குத்துவிளக்கு. என் சம்பந்தி அம்மாள் அந்த விளக்கைத் தூக்கி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “தகடு மாரி இருக்குதே” என்றாள். சபை நடுவில். அவ்வளவுதான். இவன் இலையில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டான்.

“மாமியாக்காரி சொல்லட்டும். இவ வாயில கொழுக்கட்டயா வச்சிருந்தா?” என்று இவன் கேட்கிறான்.

“அண்ணன் சாப்புடாம போயிட்டான், எங்கிட்டதான் எல்லாரும் கேட்டாங்க, நான் எங்க மூஞ்ச வச்சிக்கிறது?” என்று அவள் கேட்கிறாள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நான் யார் பக்கம் பேசுவது? நல்ல காரியம் என்றால், கூடப் பிறந்தவளாக இருந்தாலும் நேரில் போய்த் தட்டு வைத்து அழைத்தால்தான் வருவாள். அழைக்காமல் வந்தால் புருஷன் வீட்டில் அவளுக்கு என்ன மதிப்பு? நான் நூறு தடவை கூப்பிடலாம், அது கணக்கில் வராது. வீட்டுக்காரன் கூப்பிட வேண்டும். இவனோ நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இந்த லட்சணத்தில்தான் கள்ளக்குறிச்சிக்கு லைட்டு வாங்கப் போனோம். நான், மகன், மருமகள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெரிய கடை. உள்ளே காலை வைத்தேன் பார், தலைக்கு மேல் லைட்டாகவே காய்த்துத் தொங்கிற்று! புடலங்காய் மாதிரி நீளம், சுரைக்காய் மாதிரி குண்டு, ஒன்று பூசணிப்பூவைக் கவிழ்த்துப் போட்டது போல. ஒன்று கண்ணாடிக் குண்டு குண்டாக, திராட்சைக் கொத்து. கடைக்காரர் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டத் தட்ட நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மகள் ஞாபகமே வரவில்லை.

“எந்தெந்த ரூமுக்குங்க?” என்று கேட்டார்.

மருமகள் நேராகத் திராட்சைக் கொத்தைக் காட்டினாள். ஹாலுக்காம்.

“அத மாட்டினா நான் என் வூட்டுலயே குனிஞ்சிக்கினு நடக்கணும்” என்றான் மகன்.

“ஒசரமா கட்டியிருந்தா இன்னாவாம்? ஊருக்கெல்லாம் ஒசரமா கட்டத் தெரியுதுல்ல.”

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். கடைசியில் ஹாலுக்கு நீளமாக ஒரு டியூப் லைட்டு என்று முடிவாயிற்று. அந்த டியூப் லைட்டை ஞாபகம் வைத்துக்கொள், எல்லாக் கூத்தும் அதனால்தான்.

சமையல்கட்டு லைட்டை நான் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லியிருந்தேன். முந்தானையில் ஒரு பிடி ரேஷன் அரிசி முடிந்து கொண்டுபோயிருந்தேன். அதைக் கடைப்பலகையில் கொட்டி, மஞ்சள் லைட்டைப் போடச் சொன்னேன். எல்லா அரிசியும் ஒரே நிறம். வெள்ளை லைட்டைப் போடச் சொன்னேன். கல் தனியாக, வண்டு தனியாகத் தெரிந்தது. வண்டு ஒன்று அவருடைய பில் மிஷின் மேல் ஏறிவிட்டது.

“ஆயா, நான் வியாபாரம் பண்ணணும், இத அள்ளுங்க மொதல்ல” என்றார் கடைக்காரர்.

குளியல் அறைக்குச் சின்னதாகப் போதும் என்றான் மகன். நான் விடவில்லை. “மலையடிவாரம்டா. மூலையில தேளு உக்காந்துக்கினு இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? பெருசா போடு” என்றேன். சரி என்றான். அதுவரைக்கும் சிரிப்பும் விளையாட்டுமாகத்தான் போனது.

“அப்பறம் இந்தப் பக்கத்து ரூமுக்குங்க? யாரு பொழங்கறது?” என்று கேட்டுவிட்டார் அந்த மனிதர்.

“யாரும் இல்ல. சாமான் போடற ரூமு. சீரோ வாட்டு பல்பு ஒண்ணு குடுங்க, போதும்” என்றான் இவன்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. “அது பொண்ணு வந்தா படுக்கற ரூமு. கட்றப்பவே அப்பிடித்தான்டா சொன்ன” என்றேன்.

“வந்தா பாத்துக்கலாம்மா.”

“வராம எங்க போவா? நீ போயி கூப்புடு, வருவா.”

“கடையில வச்சி ஆரம்பிக்காத” என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்க் கரும்புச்சாறு வண்டியோரம் நின்றுகொண்டான். சாறு குடித்தால் கூடப் பரவாயில்லை. சும்மா நின்றான்.

மருமகள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கெட்டவள் இல்லை தங்கச்சி, நீயும் பார்த்திருக்கிறாய். அவளுக்கு அவள் பயம். “அத்த, நீங்க மனச ஒடச்சிக்காதீங்க. அவரு கூப்புட மாட்டாரு, அவங்க வர மாட்டாங்க. வெளக்கு இல்லாம பால் காய்ச்ச முடியுமா? என் தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிட்டேன். விடியகால மொத பஸ்ஸுல வந்துடுவா. அவளே எடுக்கட்டும்” என்றாள்.

வேறொருத்தி அந்த விளக்கோடு நிலைப்படி தாண்டிவிட்டால், அதற்கப்புறம் என் பெண்ணுக்கு அது அடுத்தவர் வீடுதான். நான் இருக்கிற வரைக்கும் வந்து தின்றுவிட்டுப் போவாள். நான் போன பிறகு? அந்த ரோட்டில் பஸ்ஸில் போனால்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள், அவள் குணம் எனக்குத் தெரியும்.

அந்த ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்துகொண்டேன். “அந்த ரூமுக்கு நல்ல லைட்டு போடறவரிக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்” என்றேன். கடைக்காரர் பாவம், யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டுகிற மஞ்சள் லைட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினார். பால் நிறத்தில் கண்ணாடி மூடி போட்டது. எரிந்தால் கண்ணுக்குக் குளுமையாக இருந்தது. மகன் திரும்பி வந்தான். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டச் சொன்னான். ஆனால் தியாகதுருகம் போகிற பஸ் எங்கள் எதிரில்தான் நின்றது. அதில் ஏறவில்லை.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள். காலையிலிருந்து நான் அவன் பின்னாலேயே சுற்றினேன்.

“இன்னிக்காவது போயி கூப்புட்டுட்டு வாடா.”

“எலட்ரீஷன் வரான். பந்தல்காரன் வரான். நான் எங்கம்மா போறது?”

எலட்ரீஷன் வந்து மற்ற லைட்டெல்லாம் மாட்டினான். ஹால் டியூப் லைட்டுக்குக் கிளாம்பு ஒன்று குறைகிறது, எடுத்துவருகிறேன் என்று போனவன் போனவன்தான். சீரியல் லைட்டுக்காரன் ஏதோ கோயில் திருவிழாவில் மாட்டிக்கொண்டான். வாழைமரம் விடியற்காலை வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். சாமியானா மட்டும் போட்டுவிட்டுப் பந்தல்காரன் சேரை வரிசையாக இறக்கிவிட்டுப் போனான். சாயங்காலம் அதன் கீழே உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும், வெளிச்சம் வேண்டுமே என்று என் மகன் என்ன செய்தான் தெரியுமா? ஹாலுக்கு வாங்கிய அந்த டியூப் லைட்டை ரோட்டோரம் சவுக்குக் கம்பத்தில் நிமிர்த்திக் கட்டினான். எரிகிறதா என்று பார்க்கப் பொழுது இருக்கும்போதே போட்டும் விட்டான்.

சீரியல் லைட்டு இல்லை. வாழைமரம் இல்லை. பாட்டுச் செட்டு இல்லை. சாமியானா, சேர், ரோட்டோரத்தில் கம்பத்தில் ஒற்றை டியூப் லைட்டு. நம் ஊரில் அது எந்த வீடு தங்கச்சி? சாவு வீடுதானே? ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவனுக்கு இது தோன்றவில்லை பார். எப்போதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நானும் அன்றைக்கென்று, தரை கழுவின அலுப்பில், பழைய குடிசைக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

முதலில் வந்தவர் மேலத்தெருப் பெரியவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு சேரை இழுத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்தாராம். மருமகள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எப்பிடிம்மா ஆச்சி?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு வருசமா இழுத்துக்கினு கெடந்து, இப்பதாங்க ஒரு வழியா முடிஞ்சிது.”

“பாவம். நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

மருமகளுக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. அவள் போட்ட கூச்சலில் நான் எழுந்து வெளியே வந்தேன். பெரியவர் என்னைப் பார்த்ததும் சேரோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

“நீ இருக்கியா?”

“இருக்கனே. உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ. அது இன்னா, வாய் ஜாஸ்தின்னு சொன்னியாமே?”

சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே பகீரென்றது. நல்ல காரியத்துக்கு முந்தின நாள் இது என்ன சகுனம்? “டேய், அத அவுத்துடுடா” என்றேன். “எவரோ ஒருத்தரு சொன்னாருன்னு இருட்டுலயா காய் நறுக்கறது? சீரியல் செட்டு வந்தா எல்லாம் சரியாப்பூடும்” என்றான் இவன். நாங்கள் இப்படி நின்று பேசிக்கொண்டிருந்தபோது வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதில் யார் இருந்தார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். மகன் எடுத்துப் பார்த்தான், ஜன்னலில் வைத்துவிட்டான். மறுபடியும் அடித்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, என் பெண் கூப்பிட்டால் அவள் போட்டோ வரும்.

“அவதான்டா. எடு.”

“எடுத்து? நாளைக்கி விசேசம்னு எவனாவது சொல்லியிருப்பான். ஏன் எனக்கு சொல்லலன்னு கேப்பா. நான் இன்னான்னு சொல்றது?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனிடம் இருந்தது கோபம் இல்லை, வெட்கம். இரண்டு வருஷம் தள்ளிவிட்டவனுக்கு எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது என்று தெரியவில்லை. போனை நான் பிடுங்கினேன். கைக்கு வருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டியூப் லைட்டு விட்டுவிட்டு எரிகிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறினான். பை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் நெஞ்சில் வெளிச்சம் வந்து வந்து போனது. அவன் ஒயரை முறுக்கிக்கொண்டே இருந்தான். சண்டைக்கு ஒருத்தி இத்தனை தடவை கூப்பிடுவாளா? பிள்ளைக்கு ஏதாவதா? அவளுக்கு ஏதாவதா? அப்புறம் போன் ஓய்ந்தது. ஓய்ந்தது அதைவிடப் பயமாக இருந்தது.

காய் நறுக்க வந்த பெண்கள் நாலு பேரும் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பைக் வேகமாக வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே பின்னால் இருந்தவள் குதித்தாள். தலை அவிழ்ந்து தொங்கிற்று. என் பெண்.

கண்ணைத் திறக்கவில்லை தங்கச்சி. ஸ்டூல் மேல் நின்றவனுக்கு நேர் கீழேதான் ஓடி வந்தாள். மாரில் அடித்துக்கொண்டே வந்தாள்.

“எண்ணா... என்னோட பொறந்த எண்ணா...
ஊருக்கெல்லாம் வூடு கட்டி
உன் வூட்டுல ஒரு நாளு படுக்கலியே எண்ணா...
சாரத்து மேல நின்ன கால
சாமி வந்து தட்டிச்சா எண்ணா...
ரெண்டு வருசம் பேசலியே
இனிமே யாருகிட்ட நான் சண்ட போடுவேன் எண்ணா...”

அவள் ஊர்க்காரன் ஒருத்தன் புளி வாங்க வெள்ளிமலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். அந்த பஸ்ஸில் இருந்தவன் அவன்தான். உங்கண்ணன் வீட்டில் டியூப் லைட்டு கட்டியிருக்கிறது என்று போய்ச் சொல்லிவிட்டான். இவள் போன் போட்டாள், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. சாரத்தின் மேல் நிற்கிறவன் போனை எடுக்கவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? எங்களுக்குப் பால் காய்ச்சுவது ஆவணியில் என்றுதானே அவளுக்குத் தெரியும். சாவுக்கு யாரும் தட்டு வைத்து அழைக்க வேண்டியதில்லையே. ஓடி வந்துவிட்டாள்.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “எம்மா, அண்ணன எங்கம்மா படுக்க வச்சிருக்கீங்க?”

கையை மட்டும் மேலே காட்டினேன். ஸ்டூலைத்தான் காட்டினேன். அவள் வானத்தைக் காட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் பெரிதாக ஓவென்று கத்தினாள்.

“ஏய்... நான் இங்கதான்டி இருக்கேன்” என்றான் அவன், மேலேயிருந்து.

அழுகை பாதியில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். கீழே குனிந்து கைக்கு வந்த கத்தரிக்காயை எடுத்து அவன் மேல் எறிந்தாள். “பாவி! போன எடுக்க மாட்டியா நீ? வர்ற வழியெல்லாம் நான் பாதி செத்தேன்டா!”

அதற்குள் மருமகன் பைக்கை நிறுத்திவிட்டு, ரோஜா மாலையும் கையுமாக வந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருக்கிறார். ஊர்ப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும், உன் பூக்காரியாகத்தான் இருக்கும். மைத்துனன் ஸ்டூல் மேல் நிற்பதைப் பார்த்து மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இன்னா மச்சான் இதெல்லாம்?”

“நாளைக்கி... பால் காய்ச்சறோம் மச்சான்.”

அந்த ஒரு வார்த்தையில் என் பெண்ணின் முகம் எப்படி மாறியது என்கிறாய். அழுத முகம் காய்ந்து கல்லாகிவிட்டது. அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

“நாளைக்கா? எனக்கு சொல்லல. நீ செத்தா மட்டும் நான் வரணும், இல்ல?” புருஷன் பக்கம் திரும்பினாள். “வா, போலாம்.”

மருமகன் பைக்கில் சாவியைப் போட்டுவிட்டார். மருமகள் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிட வாயைத் திறக்கிறேன், என் கூப்பாட்டுக்கு என்ன பலன்? இவள் இப்போது ஏறிவிட்டால் இனி உண்மையிலேயே சாவுக்குத்தான் வருவாள். எல்லோரும் அவனைப் பார்க்கிறோம்.

“ஏய், இத புடி” என்றான்.

அவள் வருவதற்கு முன்பே, ஒயரைச் சரிபார்க்க அவன் மேல்முடிச்சை அவிழ்த்திருந்தான். டியூப் லைட்டு எரிந்தபடியே அவன் கையில் சாய்ந்துகொண்டிருந்தது. “வுழுந்துடும்டி, புடி.” பைக்கில் ஒரு கால் வைத்தவள் திரும்பி வந்தாள். அண்ணன் ஸ்டூல் மேல் ஆடுகிறான் என்றதும் கை தானாக நீண்டுவிட்டது. கீழ்முனையைப் பிடித்தாள். அவன் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினான். அந்த முனையில் இவன், இந்த முனையில் இவள், நடுவில் வெளிச்சம். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்திருந்தது நன்றாகவே தெரிந்தது.

“நீ பாடினத கேட்டேன்டி.”

“அது செத்தவனுக்குப் பாடினது. உனக்கு இல்ல.”

“உள்ள வா.”

“இப்பிடியா கூப்புடுவாங்க? லைட்ட ஒரு கையில புடிச்சிக்கினு? தட்டு எங்க? வெத்தல பாக்கு எங்க?”

மருமகள் ஓடினாள். அவள்தான் தங்கச்சி. அடுத்த நாளுக்கு எடுத்து வைத்திருந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டு வாங்கக் கை வேண்டுமே, “எம்மா, இதப் புடி” என்று இவன் லைட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். எனக்குக் கரண்டு என்றால் நடுக்கம். இருந்தாலும் பிடித்தேன். கையில் வெதுவெதுவென்று இருந்தது. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தங்கைக்கும் மைத்துனனுக்கும் நேராகத் தட்டை நீட்டினான். “நாளைக்கி எங்க வூட்டுல பால் காய்ச்சறோம். நீங்க ரெண்டு பேரும் வந்து, வெளக்கு எடுத்துக் குடுக்கணும்” என்றான்.

மருமகன் கையில் மாலை. தட்டை எப்படி வாங்குவார்? சாவு மாலையை எங்கே வைப்பது? சேரில் வைக்கலாமா, பந்தலில் மாட்டலாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு ஆடு பின்னாலிருந்து வந்து அதை இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் என் பெண். சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினாள். வாங்கினவள் சும்மா இருந்தாளா? “நீ குடுத்த வெளக்கு ரெண்டும் என் வூட்டுல தெனம் எரியுது. ஒரு நாளு வந்து பாத்தியா நீ?” என்று கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

சாவுக்கென்று வந்த உடம்பு, அப்படியே விட முடியுமா? தொட்டியடியில் நிற்க வைத்து, மருமகளே மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். அன்று எல்லோரும் பழைய குடிசையில்தான் படுத்தோம். விடியற்காலையில் என் பெண் விளக்கை ஏந்திக்கொண்டு நிலைப்படி தாண்டினாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். மருமகளின் தங்கச்சி முதல் பஸ்ஸில் பட்டுப் புடவையோடு வந்து இறங்கினாள், அவளுக்குப் பால் சொம்பைக் கொடுத்தோம். நல்ல பெண், முகம் சுளிக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம், உன்னிடம் சொல்கிறேன், வெளியே விடாதே. டியூப் லைட்டைப் பார்த்தவளுக்கு, இந்த வீட்டில் கிழவி ஒருத்தி இருக்கிறாளே, அவளாக இருக்குமோ என்று தோன்றவே இல்லை பார். நேராக அண்ணனுக்குப் பாடிவிட்டாள். எனக்கு என்ன பாடுவாள் என்று தெரியாமலே போய்விட்டது.

பால் பொங்கி, பந்தி முடிந்ததும் அறை அறையாகப் போய் ஒவ்வொரு லைட்டாகப் போட்டுப் பார்த்தாள். சமையல்கட்டில், “இன்னா அண்ணி இது, ஊசி போடற எடம் மாரி இருக்குது” என்றாள். பக்கத்து ரூமுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், எவ்வளவு சண்டை போட்டு வாங்கினது.

“இந்த மஞ்ச லைட்டு எவரு வாங்கினது? எனக்கு ஆவாது, தல வலிக்கும். எண்ணா! நான் வந்தா இங்கதான படுக்கணும்? வெள்ள லைட்டா மாத்து.”

மகன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான். அன்றைக்கே மாற்றினான். மாற்றட்டும், எனக்கென்ன. வருகிற வாரம் பிள்ளைகளோடு வந்து தங்கப்போகிறாள். சமையல்கட்டு லைட்டைப் பற்றி அண்ணியும் நாத்தனாரும் போனிலேயே...

“அய்யய்யோ, மலமேல கருத்துக்கினு எறங்குது பாரு! தூறல் வுழுது. மாடியில மல்லாட்டக் கடல காயுது தங்கச்சி, காட்டுல பொறுக்கின கூலியெல்லாம் நனஞ்சிப்பூடும். அந்தக் கோணிய எடு, எடு. நான் ஏறிப் போறேன், நீ பின்னாலயே வா.”